கேமராவுக்கு எட்டாத பெஞ்சு

அத்தியாயம் 17

ஒரு மாதமாகக் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, போன வாரம் பைரகி ஒருவழியாகச் சம்மதித்துவிட்டான் அல்லவா? "சரி ஜுனு, உன் ஸ்கூல் பசங்ககிட்ட பேசறேன். ஆனா ஒண்ணு. அம்மா அங்க இருக்கக்கூடாது" என்று சூரத்திலிருந்து அவன் சொன்ன இடத்தில்தான் நாம் நின்றிருந்தோம்.

"அம்மா எதுக்கு ஸ்கூலுக்கு வரப்போறா? கார்த்திகை விரதம். ஒரு வேளைச் சாப்பாடு. கோயிலும் வீடுமா இருக்கா. நீ பயப்படாத அண்ணே" என்று ஜுனு வாக்குக் கொடுத்தாள்.

இன்று அக்டோபர் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. ஒடிசாவின் எரசமாக் கடற்கரையில் இந்தத் தேதிக்கு விளக்கம் வேண்டியதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே நாளில்தான் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது.

ஒடியாக் கணக்கில் கார்த்திகை பிறந்துவிட்டது; காலையில் அம்மா குந்தலா குளித்துவிட்டு ஈரத் தலையோடு துளசி மாடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாவு விரலிடுக்கில் ஒரே சீராக இறங்கியது. ஜுனு புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டே, யாரும் கேட்காமல் பதில் சொன்னாள்.

"இன்னிக்கு ஸ்கூல்ல சும்மா ஒரு கூட்டம்மா. வர லேட்டாகும்."

"ம்."

"ஹெட்மாஸ்டர் பேசுவார். அவர் பேச ஆரம்பிச்சா தெரியுமே!"

"ம்."

இரண்டாவது 'ம்'மில் ஏதோ இருந்தது. ஜுனு அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி சைக்கிளை எடுத்தாள்.

பக்கத்து வீட்டு மானசி விடிகாலையிலேயே பூப்பறிக்க வந்துபோயிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வாய் நிற்காது. அவள் வந்ததை மட்டும் ஜுனு பார்க்கவில்லை.

புயல் வந்தபோது மூத்தவன் பைரகிக்குப் பதினேழு. ஜுனுவுக்குப் பன்னிரண்டு. கடைக்குட்டி டுகுனிக்கு ஏழு. அந்த வாரம் ஜுனு கட்டக்கில் மாமா வீட்டில் இருந்தாள். அப்பா பாரதீப்பில் படகு வேலையில் மாட்டிக்கொண்டார். வீட்டில் மூன்றே பேர். அலை அம்மாவைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு போனது. அம்மா மூன்று ஊர் தள்ளி, தாழம்புதரில் முடி சிக்கி, உயிரோடு கிடைத்தாள். நிவாரண முகாமில் கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "டுகுனி எங்கடா?"

"தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சும்மா" என்றான் பைரகி.

அம்மா அழவில்லை. "என்னையும்தான் இழுத்துட்டுப் போச்சு. எங்கயோ கொண்டுபோய்ச் சேர்த்துச்சு இல்ல? அவளையும் சேர்த்திருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். கட்டக், புவனேஸ்வரம், கொல்கத்தா என்று அநாதை இல்லம் அநாதை இல்லமாக ஏறி இறங்கினாள். வருடா வருடம் குமார பூர்ணிமைக்குப் பெண் பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுப்பார்களே, அம்மா டுகுனிக்கும் எடுத்தாள். எட்டு வயதுக்கு ஒரு கவுன், பன்னிரண்டுக்குப் பாவாடை, பதினெட்டுக்குத் தாவணி. இரண்டு வாரத்துக்கு முன்னால், முப்பத்திரண்டு வயதுக்காரிக்கு ஒரு சேலை. எல்லாம் தகரப் பெட்டியில் இருக்கின்றன.

அதனால்தான் தீபாவளி அந்தியில் வாசலில் சணல் குச்சி கொளுத்தி, இறந்துபோனவர்களைக் கூப்பிட்டு வழியனுப்பும்போது, இந்த வீட்டில் டுகுனியின் பெயரைச் சொல்வதில்லை. மூன்று வருடமாக அப்பாவுக்கு ஒரு குச்சி. அவருக்கு முன்னால் போன பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குச்சி. அவ்வளவுதான். மூன்றாவது குச்சியை எடுக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

பைரகியோ அப்பாவின் காரியத்துக்கு வந்தவன், பதினோராம் நாளே ரயிலேறிவிட்டான். அதற்கு முன்னும் பின்னும் ஒரு தீபாவளிக்குக்கூட வந்ததில்லை.

தூண்கள் மேல் நிற்கும் புயல் காப்பகம்தான் இப்போது பள்ளிக்கூடம். ஜுனு வரலாறு எடுக்கும் ஒன்பதாம் வகுப்பு மாடியில்; டீச்சரை அங்கே 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் பெரிய டிவி, அதன் தலையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கேமரா.

"போன தடவை மியூசியம் சார் பேசினப்போ அவர் நெத்தியை மட்டும்தான் தீதி பார்த்தோம்" என்றான் பாபுலா.

"அது அவர் போனைப் பிடிச்ச லட்சணம். வாயை மூடிட்டு உக்காரு."

"நெத்தியில வரலாறு நிறைய இருந்துச்சு தீதி."

வகுப்பு சிரித்தது. ஜுனுவுக்கும் சிரிப்பு வந்தது. அவள் கேமராவைச் சோதித்துப் பார்த்தாள். முன்னால் மூன்று பெஞ்சு தெரிந்தது. மூன்றாவதுக்கு அப்பால் எதுவும் விழவில்லை. பேசப் போகிறவர்கள் முன்னால்தானே, போதும் என்று விட்டுவிட்டாள். அது போதவில்லை என்பது பிறகு தெரியப் போகிறது.

"கேள்வி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தீதி" என்று நாற்பது குரல்.

எந்தச் சாட்சியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்த வருடம் முழுக்க ஜுனு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். *இதை நீங்களே கண்ணால் பார்த்தீர்களா, கேள்விப்பட்டதா?* பாடத்தில் அந்தப் புயலுக்கு இரண்டே வரி. மிச்சத்தை நாம்தான் எழுதணும், ஆனா பார்த்ததைப் பார்த்ததுன்னும் கேட்டதைக் கேட்டதுன்னும் பிரிச்சு எழுதணும் என்பாள். அன்று ஊரில் இல்லாமல் போன பெண்ணுக்கு அந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஹெட்மாஸ்டர் பத்து நிமிடம் பேசினார். இரண்டு நிமிடம் மௌனம். பிறகு திரையில் பைரகி வந்தான்.

சூரத்தில் நூறு ஒடியாக்காரர்கள் தங்கிச் சாப்பிடும் மெஸ்ஸின் மொட்டைமாடி. தறிச் சத்தம் எட்டாத இடம் அது ஒன்றுதான். தறிப் பட்டறையில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. ஆனால் புதுச்சட்டை. பின்னால் கொடியில் யாரோ காயப்போட்ட சிவப்புத் துண்டு ஒன்று காற்றில் ஆடியது.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா பசங்களா?"

"இல்ல மாமா, பெல் அடிக்கல!"

"அப்ப சுருக்கமா முடிச்சிடலாம். பசியோட இருக்கிறவங்ககிட்ட கதை சொல்லக்கூடாது" என்று சிரித்தான். இந்தச் சிரிப்பை ஜுனு பார்த்துப் பல வருடம் ஆயிற்று. திரையில் பார்ப்பதே போதும் போலிருந்தது.

அவன் நன்றாகவே பேசினான். முதல் நாள் வானம் எப்படிச் சாம்பல் நிறத்தில் இருந்தது, மாடுகள் எப்படிக் கயிற்றை அறுத்துக்கொண்டன, காற்று எப்படிப் பேய் மாதிரி ஊளையிட்டது. பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள்.

அப்போதுதான் பின்கதவு லேசாக முனகியது.

வெள்ளைச் சேலை, கையில் செருப்பு. அம்மா. கடைசி பெஞ்சில் இருந்த இரண்டு பையன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையில் இருந்த மகனை அண்ணாந்து பார்த்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் முகம், அதுவும் அத்தனை பெரிதாக.

ஜுனு திரும்பி மானசியைப் பார்த்தாள். மானசி பெருமையாகச் சிரித்தாள். 'உங்க பையன் டிவியில வரப்போறார் பெரியம்மா' என்று காலையில் சொன்னவள் அவள்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சொல்லிவிடலாமா? 'அண்ணே, அம்மா வந்திருக்கா' என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான். அம்மா இப்போதுதான் முகம் பார்க்கிறாள். இன்னும் பத்து நிமிடம்தானே என்று ஜுனு நினைத்துக்கொண்டாள். அந்தப் பத்து நிமிடத்தை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

"அலை வந்தப்போ அம்மா எங்க ரெண்டு பேரையும் கூட்டுறவுக் கிடங்கோட கூரை மேல ஏத்திவிட்டா. அம்மா ஏறல. அதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு" என்று பைரகி நிறுத்தினான். "அப்புறம் என் தங்கச்சி. அவளையும் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

மானசி எழுந்தாள். சொல்லிக் கொடுத்தபடி, சொல்லிக் கொடுத்த குரலில் கேட்டாள்.

"மாமா, தண்ணி இழுத்துட்டுப் போனதை நீங்களே கண்ணால பார்த்தீங்களா, கேள்விப்பட்டதா?"

பைரகி கேமராவையே பார்த்தான்.

வாய் பாதி திறந்தபடி நின்றது. கண் இமைக்கவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி.

"தீதி, படம் நின்னுடுச்சு" என்றான் பாபுலா. "சிக்னல் போயிடுச்சு."

"டிவியைத் தட்டுடா."

"ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க தீதி."

ஜுனு ரிமோட்டை எடுத்தாள். எடுத்தவள் திரையைப் பார்த்தாள். அவன் பின்னால் கொடியில் அந்தச் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

படம் நிற்கவில்லை. அவன்தான் நின்றுபோயிருந்தான்.

"பார்க்கல" என்றான் பைரகி கடைசியில். "நான் அதைப் பார்க்கல பாப்பா. ஏன்னா அது நடக்கல."

வகுப்பில் ஒரு பேனா மூடி தரையில் விழுந்து உருண்டது.

"உன் பேர் என்னம்மா?"

"மானசி."

"இருபத்தஞ்சு வருஷமா இதை யாரும் என்கிட்ட கேட்கல, மானசி. எல்லாரும் நான் சொன்னதை எடுத்துக்கிட்டாங்க." அவன் கண் ஜுனுவைத் தேடியது. "ஜுனு, அம்மா வீட்லதானே?"

ஜுனுவின் கட்டைவிரல் ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது. அவள் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அம்மா உள்ளங்கையை லேசாக உயர்த்தினாள். *விடு. பேசட்டும்.*

ஜுனு தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது. பைரகி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு ராத்திரி நாங்க கூரை மேலயே இருந்தோம். அவளும் நானும். உயிரோடதான் இருந்தா. சுத்தியும் தண்ணி, குடிக்கத் தண்ணி இல்ல. அவளுக்குக் காய்ச்சல் கொதிச்சுது. குமார பூர்ணிமைக்கு எடுத்த மஞ்சள் கவுன், அஞ்சு நாள்தான் ஆயிருந்துச்சு. அதைப் பிழிஞ்சு பிழிஞ்சு போட்டுவிட்டேன். மூணாம் நாள் ஹெலிகாப்டர் வந்துச்சு. மேட்டு ரோட்டுல அவல் பொட்டலம் போட்டாங்க. தண்ணி இடுப்பளவுக்கு இறங்கியிருந்துச்சு. நான் கிளம்பினேன். 'போகாத அண்ணே'ன்னா அவ."

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"நூறு வரைக்கும் எண்ணு, வந்துடறேன்னேன். அவளுக்கு அப்பத்தான் நூறு வரைக்கும் தெரியும். முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து எண்ணுன்னேன். அங்க போனா, ஒரு பொட்டலத்துக்கு இருபது பேர். நானும் அடிச்சேன், என்னையும் அடிச்சாங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. எத்தனை நூறு ஆச்சோ. பொட்டலத்தோட திரும்பி வந்தேன். எண்ணி முடிச்சுட்டுத் தூங்கறாள்னு நினைச்சேன்."

ஒரு பிள்ளைகூட எழுதவில்லை.

"மறுநாள் வெளியூர்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க, மண்ணெண்ணெய் டின்னோட. அடையாளம் தெரியாம செத்தவங்க எல்லாரையும் எரிக்க ஒண்ணா வச்சாங்க. நான் அவளைத் தூக்கிட்டுப் போய் வச்சேன். ஒருத்தர் பேர் கேட்டார், நோட்டுல எழுத. நான் சொல்லல. சொல்லிட்டா உண்மையாயிடும் இல்ல? அப்புறம் அம்மாவைப் பார்த்தேன். என்ன சொல்ல? பொட்டலத்துக்கு ஓடினேன்னா? தண்ணின்னு சொன்னேன். நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைச்சேன். அம்மா அடுத்த நாளே தேட ஆரம்பிச்சுட்டா."

கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது.

அம்மா எழுந்து நடுவழியில் நடந்து வந்தாள். ஏழாவது பெஞ்சு, ஆறாவது, ஐந்தாவது. பிள்ளைகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சுக்கு வந்தபோது கேமரா அவளைப் பிடித்தது.

திரையில் பைரகியின் முகம் மாறியதை ஜுனு பார்த்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தான். பிறகு ஜுனுவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "நீயா ஜுனு?" என்றான், அவ்வளவுதான்.

அம்மா திரைக்கு நேரே நின்றாள். அழவில்லை. ஏதோ வீட்டு விஷயம் கேட்பதுபோல் கேட்டாள்.

"நீ கிளம்பறப்போ எண்ண ஆரம்பிச்சாளாடா?"

"அம்மா..."

"ஆரம்பிச்சாளா?"

"ஆரம்பிச்சாம்மா."

"சத்தமாவா?"

"சத்தமா. ரோடு வரைக்கும் கேட்டுச்சு. நாப்பத்தி... நாப்பத்திரெண்டு வரைக்கும் நான் கேட்டேன்."

அம்மா தலையை ஆட்டினாள். "நான் சொல்லிக் கொடுத்தது. முப்பத்தொன்பதுல எப்பவும் தடுக்குவா" என்றாள். "தடுக்கலையே?"

திரை கறுத்தது. இந்த முறை சிக்னலும் இல்லை, ரிமோட்டும் இல்லை. அவனேதான் அணைத்தான்.

மானசி பெஞ்சில் முகம் புதைத்து விம்மினாள். "நான் கேட்டிருக்கக்கூடாது தீதி, நான் கேட்டிருக்கக்கூடாது."

ஜுனு அவளிடம் போவதற்குள் அம்மா மானசியின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கேள்வி சரியான கேள்விதான்டி. நான் கேட்டிருக்கணும். பெத்தவ நான் கேட்கல. எனக்கு வேண்டிய பதிலை அவன் சொன்னான், வாங்கி முடிஞ்சுக்கிட்டேன்." பிறகு நோட்டைக் காட்டினாள். "எழுது. பேர் டுகுனி. வயசு ஏழு. அன்னிக்கு எழுதாம விட்டாங்களாம்."

மானசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்.

மதியம் அம்மா தன் ஒரு வேளைச் சோற்றையும் தொடவில்லை. ஜுனு பன்னிரண்டு முறை பைரகிக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான். நாலு மணிக்கு, மெஸ்ஸில் அவனோடு தங்கியிருக்கும் துஷாசனின் எண்ணுக்கு அடித்தாள்; அவன் எடுத்தான்.

"பைரகி அண்ணனா? மாடியிலேர்ந்து இறங்கி அப்படியே வெளியே போனார் அக்கா. சாப்பிடப் போறார்னு நினைச்சோம். தூங்கவும் வரல. ஏதாச்சும் சண்டையா?"

"பை? பை எடுத்துட்டுப் போனானா?"

"பை இங்கயே தொங்குது. மணி பர்ஸ்கூட இங்கதான் இருக்கு."

ஜுனு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பர்ஸ் இல்லாமல் எந்த ரயிலில் ஏறுவான்? ரயிலுக்குப் போகவில்லை என்றால் எங்கே போனான்?

"நான் பண்ணினேன்மா. நீ வந்ததும் சொல்லியிருக்கணும். வாக்குக் கொடுத்தேன். பொத்தான் என் கையில இருந்துச்சு."

"கையை நான்தானே தடுத்தேன்" என்றாள் அம்மா.

அந்தி மங்கியது. வீட்டுக்கு வீடு மூங்கில் கம்பத்தில் கார்த்திகை விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவும் கயிற்றை இழுத்து விளக்கை மேலே அனுப்பினாள். உள்ளே போய், நாளை மறுநாளுக்கு வாங்கி வைத்திருந்த சணல் கட்டை எடுத்து வந்தாள். ஒரு குச்சியை உருவித் தனியே வைத்தாள். இன்னொன்று. கை கொஞ்ச நேரம் கட்டின் மேலேயே நின்றது. பிறகு மூன்றாவதையும் உருவினாள். மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் குட்டையாகப் பார்த்து எடுத்தாள்.

"அந்தப் போன்ல பேசி அனுப்புவியே, அதை எப்படிப் பண்றது?"

ஜுனு மைக்கை அழுத்திப் பிடித்து அம்மாவின் வாயருகே நீட்டினாள். அம்மாவுக்கு எப்போதும் போனில் கத்திப் பேசித்தான் பழக்கம். இன்று மெதுவாகப் பேசினாள்.

"பைரகி. நீ சோறு தேடித்தான்டா போனே. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். கேட்டுச்சா? நானும் ஓடித்தான் இருப்பேன். வியாழக்கிழமை தீபாவளி. உங்கப்பாவுக்கும் பெரியவங்களுக்கும் நாங்க கொளுத்திடுவோம். அவளுக்கு மட்டும் நீதான் வந்து கொளுத்தணும். உன் கையாலதானே வச்ச. கூப்பிடறதும் நீ கூப்பிடு." மூச்சு வாங்கியது. "எனக்கும் நூறு வரைக்கும் தெரியும். முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து எண்ணுவேன். வா."

ஜுனு விரலை எடுத்தாள். செய்தி போயிற்று. பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்தால் இரண்டாவது விழ வேண்டும்.

அம்மா வாசலில், மூன்று குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜுனு பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் சத்தம் கேட்டது.

முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பதில் அம்மா தடுக்கினாள்.

டிக் ஒன்றாகவே இருந்தது.